ஹெச்.ஆர். தம்பி எப்போ மாறுவார்?

திருவண்ணாமலை வேங்கிக்காலில் இருக்கும் அந்த வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள், காபி குடித்து, குங்குமம் எடுத்து, வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் வந்த காரியத்தைச் சொல்வார்கள். "தம்பி, நம்ம மச்சான் பையன் பி.இ. முடிச்சிட்டு ரெண்டு வருஷமா சும்மா கீறான். நீங்க ஹெச்.ஆர்.தானே, ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..." தம்பி யோசிக்கவே மாட்டார். "ரெஸ்யூமை வாட்ஸ்அப்ல போடச் சொல்லுங்கண்ணே. போட்டோ புடிச்சு அனுப்ப வேணாம், ஃபைலா அனுப்பணும்." மறுநாள் காலை போட்டோ பிடித்துத்தான் வரும். அதில் பாதியில் பத்திரிகை வைத்தவரின் கட்டைவிரல் இருக்கும்.

ஊருக்கு அவர் ஹெச்.ஆர். தம்பி. உள்ளபடி ஹெச்.ஆர். என்றால் சம்பளம், லீவு, பி.எஃப்., பிறந்தநாள் கேக் வரை எல்லாம் சேர்ந்தது. தம்பி பார்ப்பது அதில் ஒரே வேலை: ஆள் எடுப்பது. ரெக்ரூட்டர். போளூர் ரோட்டில் ஒருவர், அவலூர்பேட்டை ரோட்டில் ஒருவர், செங்கத்தில் இரண்டு பேர் என்று இந்த இனம் இன்று மாவட்டம் முழுக்கப் பரவியிருக்கிறது. இங்கே வருபவர் அவர்களையெல்லாம் சேர்த்துப் பிசைந்த ஒருவர். அடையாளம் சுலபம். காதில் இயர்போன், கண்ணில் தூக்கம், வாயில் மூன்று கேள்விகள். இப்போ என்ன சம்பளம், எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க, நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள்? சித்தப்பா ரிட்டயர்மென்ட் விழாவில் மாலையோடு நின்றவரிடமே மூன்றாவது கேள்வியைக் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

யார் எப்போது வேலை மாற வேண்டும் என்று ஊருக்குச் சொல்வது அவர் தொழில். தனக்கும் அதையே சொல்லிக்கொள்வதுதான் அவர் வீட்டில் பிரச்சினை.

அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்து நாலு வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவர். நாற்காலியின் பிரம்பை இரண்டு முறை மாற்றினார்கள். அவரை மாற்றவில்லை. மகன் மூன்றாவது கம்பெனிக்குப் போனபோது அவர் பகவானையே சாட்சிக்கு அழைத்தார்.

"ரமணர் பதினாறு வயசுல இந்த ஊருக்கு வந்தாரு. 1896 செப்டம்பர் 1. அங்கேர்ந்து 1950ல உடம்பை விடற வரைக்கும் இந்த மலையை விட்டு நகரல. தெரியுமா?"

"மலைதான்பா ஒண்ணு. இடம் ஒண்ணு இல்ல" என்றார் தம்பி. "முதல்ல கோயில்ல பாதாள லிங்கம். அப்புறம் குருமூர்த்தம். 1899ல விருபாட்ச குகை. 1916ல கந்தாசிரமம். 1922ல கீழ எறங்கி இப்போ இருக்கிற ஆசிரமம். ரெஸ்யூம்ல போட்டா அஞ்சு வரி வரும்."

"அவரு கீழ எறங்கினது அம்மா சமாதிக்காகடா. நீ எறங்கறது இன்கிரிமென்ட்டுக்காக."

இதற்குத் தம்பியிடம் பதில் இல்லை. அப்பா அதோடு விடவில்லை, பல வருஷம் கழித்தும் குரூப் 4 எழுதச் சொன்னார். தம்பி தொழில்முறையாகக் கணக்குப் போட்டுக் காட்டினார். 2024 குரூப் 4-க்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பம் 20 லட்சத்துக்கு மேல். ஓர் இடத்துக்கு முந்நூறு பேருக்கும் அதிகம். "இவ்ளோ பேர் அப்ளை பண்ணி இவ்ளோ கம்மியா எடுக்கிற கிளையன்ட்டை நாங்க தொடவே மாட்டோம்பா."

தம்பி தொழில் கற்றது செய்யாறில். சிப்காட்டில் நைக்கிக்கு ஷூ தைக்கும் ஆலை உட்பட ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை பார்க்கும் இடங்கள் இருப்பதால், அந்தப் பக்கத்தில் ஆள் சேர்ப்பது ஒரு தனிப் பிழைப்பு. லேப்டாப் எல்லாம் கிடையாது. ஒரு வேன், ஒரு கட்டு நோட்டீஸ், கிராமத்து டீக்கடையில் ஒரு நண்பர். ரெக்ரூட்மென்ட் புத்தகம் எதிலும் இல்லாத பஞ்சாங்கத்தைத் தம்பி அங்கேதான் படித்தார். பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் எத்தனை நாள் கழித்துத் திரும்புவார்கள், தை முகூர்த்தம் எத்தனை பேரைக் கொண்டுபோகும், எந்த ஊர்த் திருவிழாவுக்கு எந்த வேன் காலியாக வரும். ஆள் எப்போது கிளம்புவார் என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்லும் வித்தை அப்போது வந்தது. திடீரென்று ஒருவர் எல்லோரிடமும் அன்பாகப் பேச ஆரம்பித்தால் அவர் வேறு இடத்தில் வேலை பார்த்துவிட்டார் என்று அர்த்தம். சத்தமாகச் சண்டை போடுகிறவர் இன்னும் ஒரு வருஷம் இருப்பார்.

அடுத்தது சென்னை, கிண்டிப் பக்கம் ஒரு கன்சல்டன்சி. இங்கே ஒரு கணக்கை விளக்கியாக வேண்டும். கம்பெனிக்கு ஓர் ஆளைப் பிடித்துக் கொடுத்தால், அவருடைய ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம் கன்சல்டன்சிக்குக் கூலி என்பது இந்தத் துறையின் பழைய வழக்கம். பன்னிரண்டால் வகுத்துப் பார்த்தால் புரியும், அது ஒரு மாதச் சம்பளம். 12 லட்சம் வாங்குகிறவரைச் சேர்த்தால் கன்சல்டன்சிக்கு ஒரு லட்சம். அதில் தம்பிக்கு வருவது சில ஆயிரம். அதுவும் உடனே வராது. சேர்ந்தவர் தொண்ணூறு நாள் தாண்ட வேண்டும். எண்பத்தெட்டாம் நாள் அவர் ஓடிவிட்டால் கன்சல்டன்சி இலவசமாக வேறு ஆள் தர வேண்டும். தம்பியின் இன்சென்டிவ் சாமிக்குப் போன தேங்காய்.

ஆகவே தம்பியின் நாள்காட்டியில் தேதி கிடையாது. எல்லாமே எத்தனையாவது நாள் என்ற கணக்குத்தான். ஜாவா டெவலப்பர் நாற்பத்திரண்டு, டெஸ்டிங் பெண் அறுபது, சேலத்து நெட்வொர்க் பையன் எண்பத்தொன்று. காலையில் எழுந்ததும் மூவருக்கும் 'குட்மார்னிங், எல்லாம் ஓகேவா?' என்று செய்தி போகும். சொந்தத் தங்கைக்கு இவ்வளவு அக்கறையாகப் போனதில்லை என்று அவளே சொல்லியிருக்கிறாள். தான் சேர்த்துவிட்டவர்கள் எங்கும் போய்விடக் கூடாது, மற்ற கன்சல்டன்சிக்காரன் சேர்த்தவர்கள் எல்லோரும் உடனே கிளம்பி வர வேண்டும். இரண்டையும் ஒரே மனத்தில், ஒரே பிரார்த்தனையில் அவரால் வைத்துக்கொள்ள முடிந்தது.

ஒரு பௌர்ணமி இரவு கிரிவலம். பதினாலு கிலோமீட்டரில் பெரும்பகுதி முடிந்துவிட்டது. குபேர லிங்கத்தில் வழக்கம்போலக் கூட்டம் மொய்த்தது, எட்டு லிங்கம் இருந்தாலும் அங்கேதான் நெரிசல். அதைத் தாண்டி இடுக்குப் பிள்ளையார். படுத்து, ஒருக்களித்து, தோளைக் குறுக்கி, அந்தச் சிறு சந்துக்குள் நுழைந்து மறுபக்கம் வர வேண்டும். தம்பியின் இடுப்பு வரை உள்ளே போனபோது சட்டைப் பையில் போன் அடித்தது. சேலத்துப் பையன். எண்பத்தேழாவது நாள். எடுக்காமல் இருக்க முடியுமா? தலையைச் சாய்த்து, தோளால் பட்டனைத் தட்டி, எப்படியோ எடுத்துவிட்டார்.

"சார், வேற ஒரு ஆஃபர் வந்திருக்கு."

"எவ்ளோ தர்றாங்க?" குரல் கல்லில் மோதி கணீரென்று வெளியே கேட்டது.

பின்னால் நெல்லூரிலிருந்து வந்த குடும்பம் "பதண்டி, பதண்டி" என்றது. முன்னால் நின்ற பெரியவர் குனிந்து, "தம்பி, மாட்டிக்கிட்டீங்களா? கையைக் குடுங்க" என்றார். தம்பி கையைக் கொடுத்தார், போனைக் கொடுக்கவில்லை. "மூணு நாள்ப்பா... மூணே மூணு நாள் பொறுத்துட்டு பேப்பர் போடு... உனக்காக நான் எவ்ளோ பண்ணியிருக்கேன்..." பிள்ளையார் தம்பியை வெளியே விட்டார். சேலத்துப் பையன் உள்ளே நிற்கவில்லை.

அந்த இரவுதான் கன்சல்டன்சி போதும் என்று முடிவானது. ஆனால் எங்கே போவது, எப்போது போவது? இந்த இடத்தில் தம்பியின் சித்தாந்தத்தைச் சொல்ல வேண்டும். கிண்டல் செய்யலாம் என்றுதான் தோன்றும், ஆனால் விஷயம் சரியாகத்தான் இருக்கிறது. ஒரு கம்பெனி சிக்கனம் பிடிக்க நினைத்தால் முதலில் ஆள் எடுப்பதை நிறுத்தும். அது நின்றால் ஆள் எடுப்பவருக்கு என்ன வேலை? மற்றவர்களுக்கு அடுத்த வருஷம் வரப்போகும் மழை ரெக்ரூட்டர் தலையில் இந்த வருஷமே விழும். அதனால் போன் ஓயாமல் அடிக்கும்போதே வேறு இடம் பார்க்க வேண்டும் என்பார் தம்பி. அடிப்பது நின்றபின் தேடினால் எதிர்ப்பக்கத்தில் எடுக்கவும் ஆள் இருக்காது, அவனும் தேடிக்கொண்டிருப்பான்.

அறிகுறிகளையும் அவர் சேர்த்து வைத்திருக்கிறார். கிளையன்ட் 'வேண்டாம்' என்று சொல்வதில்லை, 'ஹோல்டு' என்பார். இரண்டு ஹோல்டு சகஜம், ஒரே வாரத்தில் நாலு வந்தால் யோசிக்கணும். இன்சென்டிவ் கொள்கையை 'எளிமையாக்கி' மெயில் வந்தால் இன்னும் யோசிக்கணும். எல்லாவற்றுக்கும் மேலான அறிகுறி ஒன்று நௌக்ரியில் கிடைத்தது. 1997-ல் சஞ்சீவ் பிக்சந்தானி ஆரம்பித்த அந்தத் தளம் இந்த இனத்தின் வயல், களம், சந்தை எல்லாம். ரெஸ்யூமைப் புதுப்பித்தவர்கள் தேடலில் மேலே வருவார்கள் என்பதால் விவரம் தெரிந்தவர்கள் சும்மாவாவது ஒரு புள்ளியை மாற்றிச் சேமிப்பார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை, 'சென்னை, ரெக்ரூட்மென்ட் மேனேஜர், பத்து வருஷ அனுபவம்' என்று தேடியபோது முதலாவதாக வந்து நின்றது, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அவருடைய மேனேஜரின் ரெஸ்யூம். அன்று காலை புதுப்பித்தது. தன் கம்பெனியின் கண்ணில் படாமல் மறைக்க அதில் வசதி உண்டு. பத்து வருஷ அனுபவஸ்தருக்கு அது தெரிந்திருக்கவில்லை. தம்பி மரியாதையாகத் தன்னுடையதை மறைத்துவிட்டுப் புதுப்பித்தார்.

மூன்றாவது வேலை, அமெரிக்காவுக்கு ஆள் பிடிப்பது. இரவு ஷிஃப்ட். இதற்குத் தம்பிக்கு இரண்டு தகுதிகள் இருந்தன, இரண்டும் ஊர் கொடுத்தது. செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைச் சுற்றியுள்ள கடைகளில், விடுமுறை நாட்களில் வெள்ளைக்காரர்களோடு பேசிப் பழகிய ஆங்கிலம் ஒன்று. ஆந்திராவிலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் பௌர்ணமிதோறும் வந்து குவியும் பக்தர்களால் ஊரே கற்றுக்கொண்ட தெலுங்கு இன்னொன்று. அமெரிக்க ஐ.டி. வேலைக்கு ஆள் பிடிப்பவருக்குத் தெலுங்கு எவ்வளவு உதவும் என்பதை விளக்க வேண்டியதில்லை. டாலஸில் இருக்கும் குண்டூர்க்காரரிடம், "கார்த்தீக தீபம் எப்போன்னு தெரியுமாண்டி?" என்று ஆரம்பித்தால் அவர் ரெஸ்யூமைத் தானே அனுப்புவார். ஆனால் மொத்தப் பிழைப்பும் அடுத்த நாட்டு விசா மேல் நிற்கிறதே என்று தம்பிக்கு உறுத்தியது. கிளம்பிவிட்டார். 2025 செப்டம்பரில் புதிய எச்1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று டிரம்ப் அறிவித்த இரவு, பழைய சகாக்களின் வாட்ஸ்அப் குழுவில் விடிய விடிய யாரும் தூங்கவில்லை. தம்பி தூங்கினார். காலையில் எழுந்து வருத்தம் தெரிவித்தார். அதில் கொஞ்சம் சந்தோஷம் தெரிந்ததாகக் குழுவில் பேச்சு.

2021, 22 இந்த இனத்தின் பொற்காலம். ஊரில் எல்லோரும் வேலை மாறினார்கள். 2022 ஜூன் காலாண்டில் இன்ஃபோசிஸின் பணி விலகல் விகிதம் 28.4 சதவீதம், நூறு பேரில் இருபத்தெட்டுப் பேர் கிளம்புகிற கணக்கு. அத்தனை காலி நாற்காலிக்கும் ஆள் வேண்டும், ஆள் எடுக்க ஆள் வேண்டும், அவர்களை எடுக்கவும் ஆள் வேண்டும். தம்பியின் நண்பர்கள் ஸ்டார்ட்அப்புகளுக்கு எண்பது சதவீத உயர்வில் தாவினார்கள். தம்பி மட்டும் பதினைந்து சதவீதத்துக்கு, வெளிநாட்டு வங்கி ஒன்றின் சென்னை மையத்துக்குப் போனார். ஓ.எம்.ஆரில் எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த நவம்பரில் மெட்டா 11,000 பேரை அனுப்பியது. அடுத்த வருஷம் குறைவாக ஆள் எடுக்கப் போவதால் ரெக்ரூட்டிங் பிரிவுக்கு அடி கூடுதலாக விழும் என்று ஜக்கர்பெர்க் கடிதத்திலேயே எழுதினார். இங்கேயும் ஸ்டார்ட்அப்புகள் அதே வழியில் போயின. 2023–24 நிதியாண்டில் டி.சி.எஸ்.ஸே ஆண்டு முடிவில் 13,249 பேர் குறைந்து நின்றது. பங்குச் சந்தைக்கு வந்த பிறகு ஆண்டு முடிவில் ஆள் குறைந்தது அதுதான் முதல் தடவை. எண்பது சதவீத நண்பர்கள் தம்பிக்கே ரெஸ்யூம் அனுப்பினார்கள். தம்பி தீர்க்கதரிசி ஆனார். இன்றுவரை பயிற்சி வகுப்புகளில் அந்த முடிவைப் பற்றிப் பேசுகிறார். அவரும் அதே ஸ்டார்ட்அப்புக்கு மூன்று சுற்றுப் போய், கடைசிச் சுற்றில் நிராகரிக்கப்பட்டதுதான் காரணம் என்பது வீட்டாருக்கும் இந்தப் பத்திரிகைக்கும் மட்டும் தெரிந்தது.

எப்படிப் போனாலும் போன இடம் நல்ல இடம். உலகக் கம்பெனிகள் இந்தியாவில் நடத்தும் இத்தகைய திறன் மையங்கள் 1,700-ஐத் தாண்டிவிட்டதாக நாஸ்காம் 2024-ல் கணக்குச் சொன்னது. அதே ஆண்டு பிப்ரவரி பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு, மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் சம்பளம் தரும் மையங்களுக்கு முதல் வருஷம் முப்பது, அடுத்து இருபது, பிறகு பத்து சதவீதம் ஊதிய மானியம் அறிவித்தது. தம்பி அந்த பட்ஜெட் உரையை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினார். "பார்த்தியாப்பா, கவர்மென்ட்டு காசுதான் வருது." அப்பா முதல் தடவையாக அந்த வேலையைப் பற்றி நல்லவிதமாகப் பேசினார்.

பெண் வீட்டாரை அப்படிச் சமாளிக்க முடியவில்லை. ஆரணியிலிருந்து வந்த மாமா ஒருவர், ஜவுளிக்கடைக்காரர், தம்பியின் பழைய கம்பெனி ஒன்றுக்கே போன் போட்டு விசாரித்துவிட்டார். "நல்ல பையன், ஆனா நிக்க மாட்டான்" என்று பதில் வந்தது. சொன்னவர் தம்பி வேலைக்கு எடுத்தவர்தான். தம்பிக்குக் கோபம் வரவில்லை, தொழில் மரியாதைதான் வந்தது. ஆயிரம் பேருக்கு அவர் செய்கிற விசாரணை இது. 2014-ல் பி.எஃப்.புக்கு யு.ஏ.என். வந்த பிறகு, நாலு மாசம் பார்த்த வேலையை மறைப்பவர்களை அவர் பாஸ்புக்கை வைத்தே பிடிப்பார். அம்மாதான் நிலைமையைக் காப்பாற்றினார். "பையன் கம்பெனியைத்தாங்க மாத்தறான். டூத்பேஸ்ட்டு பதினஞ்சு வருஷமா ஒண்ணுதான்."

தம்பிக்கு இத்துறையில் ஒரு தெய்வமும் உண்டு. 1992-ல் சென்னையில் மனைவி லதாவோடு மாஃபா என்ற மனிதவள நிறுவனத்தைத் தொடங்கிய கே. பாண்டியராஜன். நிறுவனம் பிறகு வேடியர், ராண்ட்ஸ்டாட் என்று வெளிநாட்டுக் கைக்குப் போனது. அவர் 2011-ல் தே.மு.தி.க.வில் விருதுநகர், 2016-ல் அ.தி.மு.க.வில் ஆவடி என்று சட்டமன்றத்துக்குப் போய் அமைச்சரும் ஆனார். இத்தனை மாறியும் அவரை ஊர் மாஃபா பாண்டியராஜன் என்றே சொல்கிறது. "கம்பெனியை வித்த பிறகும் கம்பெனி பேரு நம்ம இனிஷியலா நிக்கணும், அதான் கேரியர்" என்பது தம்பி வாக்கு. தம்பியை அவர் பார்த்த நாலு கம்பெனியில் எந்தப் பெயரிலும் யாரும் அழைப்பதில்லை.

இப்போது அவர் மாறாமல் இருப்பதற்குக் காரணம் ஒரு தேதி. கிராஜுவிட்டிக்கு, 1972 சட்டத்திலிருந்தே, ஐந்து வருஷம் வேண்டும். ஆனால் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், நாலு வருஷத்துக்கு மேல் 240 நாள் வேலை பார்த்திருந்தால் ஐந்தாம் வருஷமும் முடிந்ததாகக் கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறது. எல்லாக் கம்பெனியும் இதை மனமுவந்து ஒப்புக்கொள்வதில்லை. தம்பி தீர்ப்பை லேமினேட் செய்து வைத்திருக்கிறார். 2022 ஜூலை 1-ல் சேர்ந்தவருக்கு அந்த நாள் 2027 பிப்ரவரி கடைசி வாரத்தில் வருகிறது. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டங்கள் நடைமுறைக்கு வந்து, குறிப்பிட்ட கால ஒப்பந்தக்காரர்களுக்கு ஒரே வருஷத்தில் கிராஜுவிட்டி என்று ஆனபோது, பர்மனன்ட் ஆனதற்காக வாழ்க்கையில் முதல் தடவையாக வருந்தினார்.

திங்கட்கிழமை அதிகாலை நாலு மணிக்குத் திருவண்ணாமலையில் கிளம்பும் சென்னை கடற்கரை ரயில்தான் அவருடைய உண்மையான அலுவலகம். வேலூர் கன்டோன்மென்ட் வரை வந்துகொண்டிருந்த வண்டியை 2024 மே மாதம் இங்கே வரை நீட்டினார்கள். பஸ்ஸில் போனால் கிளாம்பாக்கத்தில் இறங்கி இன்னொரு பயணம். ரயிலில் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் யாரும் மீட்டிங்குக்குக் கூப்பிடாத நிம்மதி.

ஆனால் பௌர்ணமி வாரத்தில் அந்த நிம்மதி கிடையாது. அந்த வாரத்தில் ஊரில் ரூம் கிடைப்பது அரசாங்க உத்தியோகம் கிடைப்பதற்குச் சமம். சின்னக்கடைத் தெரு லாட்ஜ்காரர் ஒருவர் தம்பியின் பள்ளித் தோழர். சென்னையில் இருக்கும் மேனேஜர்கள், டைரக்டர்கள், ஒரு வைஸ் பிரசிடென்ட் உட்படப் பலரும் தம்பிக்கு அடங்கி நடப்பது அவர் திறமைக்காக அல்ல. அவருடைய நாலு வேலையில் மூன்று, ரூம் போட்டுக் கொடுத்த நன்றியில் கிடைத்த அறிமுகங்கள்.

போன மாதம் அவருடைய இப்போதைய மேலதிகாரியே கூப்பிட்டார். "தம்பி, பௌர்ணமிக்கு ரெண்டு ரூம் வேணும்பா. ஒண்ணு எங்களுக்கு, இன்னொண்ணு ஃபிரெண்டுக்கு. ஏசி இருக்கட்டும்."

"ஆயிடும் சார். ஃபிரெண்டு பேரு?"

"பேரு எதுக்கு? என் பேர்லயே போட்டுடு."

நாலு கம்பெனி பார்த்த காதுக்கு அது போதுமானதாக இருந்தது. பௌர்ணமிக்கு முந்தைய நாள் சாயங்காலம் லாட்ஜ் கவுன்ட்டரில் நின்று, தோழரிடம் ரிஜிஸ்டரைத் திருப்பச் சொன்னார். இரண்டாவது ரூமுக்கு ஆதார் ஜெராக்ஸ் வந்திருந்தது. பெயரை லிங்க்ட்இன்னில் போட்டுப் பார்த்தார். பெங்களூரில் வேறொரு வங்கி மையத்தின் ரெக்ரூட்மென்ட் தலைவர். புதிதாகப் பதினாலு காலியிடம் போட்டிருந்தார்.

"எந்த ரூம்டா குடுத்திருக்க அவருக்கு?"

"பின்பக்கம். ஜன்னல்ல காம்பவுண்டு சுவருதான் தெரியும்."

"மாத்துடா. மலை தெரியற ரூமா குடு. அப்புறம் காலைல காபியை நானே கொண்டுபோய்க் குடுக்கறேன், சொல்லிடு."